கோபத்துக்குச் சீட்டுக் குலுக்கிய ஊர்

நாட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு இல்லை, தண்ணீருக்குத் தட்டுப்பாடு இல்லை, வேலைக்கும் தட்டுப்பாடு இல்லை. தட்டுப்பாடெல்லாம் மக்களின் பொறுமைக்குத்தான் என்று அரசாங்கம் ஒருநாள் கண்டுபிடித்தது. ஏதோ ஓர் ஊரில் ஆஸ்பத்திரி வரிசையில் ஆறு மணி நேரம் நின்றவர்கள் ஏழாவது மணியில் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். இன்னோர் ஊரில் வராத பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்கள் வந்த பஸ்ஸைக் கல்லால் அடித்தார்கள். மேலிடத்தில் கூடிப் பேசிய பெரியவர்கள், ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு டாக்டரைப் போடலாமா, பஸ்ஸைச் சீக்கிரம் விடலாமா என்றெல்லாம் அற்பத்தனமாக யோசிக்கவில்லை. நோயின் வேரையே பிடித்தார்கள். மக்கள் பொறுமை ஆணையம் பிறந்தது.

ஆணையத்துக்கு ஏழு மாடிக் கட்டடம் கட்டப் பதினோரு வருஷம் ஆகும் என்பதால், தற்காலிகமாகப் பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்கு எடுத்தார்கள். முகூர்த்த நாட்களில் அலுவலகத்துக்கு விடுமுறை. மற்ற நாட்களில் அங்கிருந்து ஆட்கள் கிளம்பி, எந்த ஊரில் பொறுமை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்துகொண்டு வந்தார்கள்.

பழவேற்காடு ஏரிக்கு நடுவே இருக்கும் சிப்பிமேட்டுக்குப்பத்துக்கு அவர்கள் படகில் வந்து இறங்கியபோது, தருமன் தன் வீட்டு வாசலில் வலைக்கிழிசல் பொத்திக்கொண்டிருந்தான். நாற்பத்தெட்டு வயது. அந்த நாற்பத்தெட்டு வருஷத்தில் அவன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் அவனுக்கு ஏப்பம் வரும் என்பாள் அவன் மனைவி மாலா.

அந்த நேரத்தில் அவனுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. அது புரிய வேண்டுமானால் பாடு என்றால் என்னவென்று தெரிய வேண்டும். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் கிடைக்காது. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில்தான் கிடைக்கும். அந்த இடங்களுக்காக அடித்துக்கொண்டு சாகாமல் இருக்க, சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். இன்று இந்த இடம் உன் பாடு என்றால், விடிந்ததிலிருந்து மறுநாள் விடியும்வரை அது உன்னுடையது. கடலம்மாவே வந்து நின்றாலும், "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. மறுநாள் அதே இடத்தில் கால் வைத்தால் ஊர் தண்டனை கொடுக்கும்.

தருமனுக்கு முகத்துவாரத்துப் பாடு இருபத்திரண்டு நாளைக்கு ஒருமுறை வரும். ஆனால் எட்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்துவந்த முகத்துவாரம், இந்தத் தை மாதம் முழுசாகவே மணல் மூடி அடைத்துக்கொண்டுவிட்டது. கடல் ஒரு பக்கம், ஏரி ஒரு பக்கம், நடுவே தெருவகலத்துக்கு மணல். நாலு பாடு வந்துபோனது. வலையில் பாசியும் நண்டுக்காலும்தான். இது சித்திரை. அமாவாசைக்கு மறுநாள் ஐந்தாவது பாடு. அதுவும் காலியாய்ப் போனால் மாலாவின் அண்ணன் பார்த்து வைத்திருக்கும் வாட்ச்மேன் வேலைக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகவேண்டியதுதான். போனவன் தொடர்ந்து மூன்று பாடு வலை கட்டவில்லை என்றால் சீட்டிலிருந்து அவன் பேர் எடுக்கப்படும். எடுத்த பேரைத் திரும்பச் சேர்க்கும் வழக்கம் ஊரில் இல்லை. 

கணக்கெடுக்க வந்த பெண்ணுக்கு ஆர்த்தி என்று பேர். உயிர்காக்கும் ஜாக்கெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, கையிலிருந்த டேப்லெட்டைத் தடவினாள்.

"அண்ணா, ரேஷன் கடையில எவ்வளவு நேரம் நின்னா உங்களுக்கு எரிச்சல் வரும்?"

"நின்னா எரிச்சல் வராதும்மா. காலுதான் வலிக்கும்."

"கால்வலி இதுல இல்லண்ணா. பஸ் வரலைன்னா?"

"நடந்துடுவேன்."

"அரசாங்கத்து மேல கோபம் உண்டா?"

தருமன் யோசித்தான். "அவங்க எங்க கீறாங்க, நான் எங்க கீறேன். அவ்ளோ தூரம் கோவம் போவுமா இன்னா?"

"முகத்துவாரம் தூர்வாரச் சொல்லி எத்தனை வருஷமா மனு குடுக்கிறீங்க?"

"எட்டு வருசமா குடுத்துக்கினு கீறோம்."

"இன்னும் எவ்வளவு காலம் காத்திருக்கத் தயார்?"

"வேற இன்னா பண்றது?"

டேப்லெட்டில் 'ஒரு மாதம்', 'ஒரு வருடம்', 'எல்லையற்றது' என்று மூன்று பதில்கள்தான் இருந்தன. 'வேற இன்னா பண்றது' இல்லை. ஆர்த்தி கொஞ்சம் தயங்கிவிட்டு மூன்றாவதைத் தட்டினாள்.

தருமனுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வந்தது. பேட்டியின் நடுவே ஒரு கொசுவை அடித்ததற்காக மூன்று குறைந்தது. ஊரின் சராசரியும் தொண்ணூறைத் தாண்டியதால், சிப்பிமேட்டுக்குப்பம் மாவட்டத்தின் முதல் 'பொறுமைக் கிராமம்' ஆயிற்று. தருமன் 'பொறுமைச் செம்மல்' ஆனான்.

பட்டமளிப்பு விழா அம்மன் கோயில் எதிரில், காலை பத்து மணிக்கு. மாவட்டப் பொறுமை அலுவலர் வீரராகவன் இரண்டே முக்காலுக்கு வந்தார். தாமதத்துக்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அது நிகழ்ச்சி நிரலில் முதல் அங்கம் என்று விளக்கினார்.

"பெரியோர்களே! நாலே முக்கால் மணி நேரம் நான் வேண்டுமென்றே பொன்னேரியில் உட்கார்ந்து பொங்கல் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இங்கே ஒருவராவது எழுந்து போனீர்களா? போகவில்லை! ஏன் போகவில்லை?"

"ஊட்டு வாசல்லியே பந்தல் போட்டுட்டீங்க சார். எங்க போறது?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

வீரராகவன் அதைக் கவனிக்கவில்லை. சால்வையைப் போர்த்தி, தருமனின் தோளை அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார். சந்தர்ப்பத்தை விடக்கூடாது என்று தருமன் மெதுவாக வாயைத் திறந்தான்.

"சார், முகத்துவாரத்த மட்டும் கொஞ்சம் தூர்வாரிக் குடுத்தீங்கன்னா..."

வீரராகவன் ஒலிபெருக்கியை மறுபடி வாங்கினார். "நல்ல கேள்வி. மாவட்டத்தில் தூர்வாரும் இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது. கேட்கிற ஊர்கள் நாற்பது. யாருக்குக் கொடுப்பது? ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒன்று அழுகிறது, ஒன்று சிரிக்கிறது. தாய் யாருக்குப் பால் கொடுப்பாள்?"

"அழுவுற புள்ளைக்கி" என்றார்கள் எல்லோரும்.

"அப்படிச் சொல்லுங்கள்! எங்கே பொறுமை தீர்ந்ததோ அங்கேதான் இயந்திரம் போகும். உங்களைப் போல் சிரிக்கிற பிள்ளைகள் இருப்பதால்தான் அரசாங்கத்தால் பாலை மிச்சம் பிடிக்க முடிகிறது. அந்த மிச்சத்தில்தான் நாங்களெல்லாம் இருக்கிறோம். நாடு உங்களுக்கு நன்றி சொல்கிறது!"

கூட்டம் கைதட்டியது. தட்டி முடித்த பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று ஒவ்வொருவராக யோசித்தார்கள்.

"சால்வ போத்திக்கினு வந்துட்டாரு, செம்மலு!" என்று வரவேற்றாள் மாலா. "அத்த கிள்ளிக் கொழம்புல போடவா? எட்டு வருசமா வாயில கொழக்கட்டையா வெச்சிகினு இருந்த? அந்தப் பொண்ணு கேக்கசொல்ல நாலு வார்த்த காட்டமா சொல்றதுக்கு இன்னா?"

"எனக்கு வர்லியே மாலா."

"வரவச்சிக்க. அடுத்த பாடும் காலின்னா நீ காட்டுப்பள்ளி கேட்ல விசில் ஊதிக்கினு நில்லு. நான் சொல்லிட்டேன்."

மறுநாளே தருமனும் கிராமத் தலைவர் சகாதேவனும் பொன்னேரிக்குப் போனார்கள். பொறுமை தீர்ந்துவிட்டது என்று ஆணையத்தில் பதிவு செய்ய ஒரு விண்ணப்பம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார்கள். இருந்தது. ஒன்பது பக்கம். ஆதார், ரேஷன் அட்டை நகலோடு, விண்ணப்பதாரர் கோபமாக இருக்கும் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோக்காரர் பொறுமையின் சிகரம். "கொஞ்சம் மொறைங்கண்ணே" என்றார். தருமன் முறைத்தான். "அது தூக்கம் வர்ற மாதிரி கீது. ஒங்களுக்குப் புடிக்காதவங்க யாரையாச்சும் நெனைங்க." தருமன் வெகுநேரம் தேடியும் ஆள் அகப்படவில்லை. கடைசியில் சகாதேவன் பின்னாலிருந்து அவன் தொடையைக் கிள்ளினார். கிடைத்த முகத்தை ஸ்டுடியோக்காரர் படமெடுத்தார். கோபம் என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள். வாயுப்பிடிப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

டோக்கன் எண் நூற்றுப் பதினான்கு. காலை பத்தரைக்கு மண்டபத்து மாடியில் உட்கார்ந்தவர்களைச் சாயங்காலம் ஐந்துக்குக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நிராகரிக்கப்படுது."

"ஏன் சார்?"

அவர் சுவரிலிருந்த கேமராவைக் காட்டினார். "ஆறரை மணி நேரம் ரெண்டு பேரும் அசையாம உட்கார்ந்திருக்கீங்க. நடுவுல ஒரு தடவை எழுந்து, அடுத்தவருக்குத் தண்ணி பிடிச்சுக் குடுத்திருக்கீங்க. பொறுமை தீர்ந்தவன் செய்யற வேலையா இது?"

சகாதேவன் கவுண்டருக்குள் தலையை நீட்டினார். "அப்ப நடுவுல கத்திட்டு எழுந்து போயிருந்தா?"

"டோக்கன் ரத்தாயிடும்."

"கண்ணாடிய ஒடச்சிருந்தா?"

"அது சட்டம் ஒழுங்கு. போலீஸ் டிபார்ட்மெண்ட். நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல." அவர் கொஞ்சம் இரங்கி, குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு பண்ணுங்க. ஊரா சேர்ந்து ஏதாவது கொந்தளிப்பு நடத்துங்க. எங்க ஆளு வந்து பார்த்து மார்க்கைக் குறைப்பாங்க. ஆனா முறையா நடத்தணும்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஊர் கூடியது. கொந்தளிப்பது என்று முடிவாகிவிட்டது. எப்படி என்பதில்தான் சிக்கல்.

"எல்லாரும் ஒரே நாள்ல கோவப்பட்டுட்டா தொழிலுக்கு யாரு போறது?" என்று கேட்டார் சகாதேவன். "கெடைக்கிற நாலு மடவை மீனும் கெடைக்காது."

"இஷ்டப்பட்டவன் கோவப்படட்டும்" என்றான் பூபதி. ஊரிலேயே சட்டென்று சூடாகிறவன் அவன்தான்.

"அதெப்படி? நீயே தெனம் கோவப்பட்டுக்கினு இருந்தா மத்தவனுக்கு இன்னா மிஞ்சும்? ஒருத்தன் ஒழைக்கிறது, ஒருத்தன் ஒக்காந்து துன்றதா? பொதுச் சொத்து எதுவா இருந்தாலும் நம்மூர்ல ஒரு நாயம் கீது" என்றார் சகாதேவன்.

எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. மூன்று தலைமுறையாக அவர்கள் எதையும் வேறு மாதிரிப் பங்கிட்டதில்லை. குடம் வந்தது. அறுபத்துநாலு வீட்டுப் பேரையும் சீட்டில் எழுதிக் குலுக்கினார்கள். நாளொன்றுக்கு நாலு வீடு, பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கோபப்பட வேண்டும். மற்ற அறுபது வீடும் தொழிலுக்குப் போகலாம். பாடு வந்தும் கோபத்துக்குப் போகாதவன் கோயில் வாசலை மூன்று நாள் பெருக்க வேண்டும். பாடு இல்லாமல் கோபப்பட்டவன் ஆறு நாள்.

"பொம்பளைங்களுக்கு?" என்றாள் மாலா.

சகாதேவன் தலையைச் சொறிந்தார். "பாடுன்றது பரம்பரையா ஆம்பள பேர்லதாம்மா..."

"சரி. எங்க கோவத்த நாங்க சீட்டு இல்லாமலே பட்டுக்குறோம். நாங்க பட்றதுதான் தெனம்."

கொந்தளிப்பு ஒழுங்காகத் தொடங்கியது. நாலு பேர் முதல் படகில் போய், துண்டு விரித்து உட்கார்ந்து, மூன்று மணி நேரம் முழக்கமிட்டு, பன்னிரண்டு அடித்ததும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். பொன்னேரி பஸ் திரும்ப இடம் வேண்டும் என்று கண்டக்டர் கேட்டால் துண்டோடு நகர்ந்து உட்கார்ந்தார்கள். காய்ச்சல்காரன் அடுத்தவனோடு முறை மாற்றிக்கொண்டான். ஒரு வியாழக்கிழமை பூபதியின் மேல் லாரி ஒன்று சேற்றை வாரியடித்தது. அவன் டிரைவரின் ஏழு தலைமுறையையும் இழுத்தான். அன்று அவன் பாடு இல்லை. ஆறு நாள் கோயில் வாசலைப் பெருக்கினான்.

தருமனின் பாடு வந்தபோது அவன் உண்மையாகவே முயன்றான். எழுந்து நின்று கையை உயர்த்தி, "தூர்வாரணும்!" என்றான். சத்தம் போதவில்லை என்று பக்கத்திலிருந்தவன் இடித்தான். "தூர்வாரணும்!" என்றான் மறுபடி. பிறகு, எதிரே வெயிலில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்துப் பாவமாக இருந்ததால், "முடிஞ்சா" என்று சேர்த்துக்கொண்டான். போலீஸ்காரர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இதையெல்லாம் ஆர்த்தி ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்து படம்பிடித்துக்கொண்டிருந்தாள். டேப்லெட்டில் 'கொந்தளிப்பு' என்று அழுத்தியதும் அது கேட்ட கேள்விகளுக்கு அவள் நேர்மையாகப் பதில் சொன்னாள். சேதம்: இல்லை. போக்குவரத்து இடையூறு: இல்லை. கலைந்துபோன நேரம்: குறித்தபடி. கடைசிக் கேள்வி, 'பங்கேற்பாளர்கள் வரிசை காத்தார்களா?' வரிசை காத்தார்களாவா! வரிசைக்குக் குடம் வைத்துக் குலுக்கியிருக்கிறார்கள்.

ஊரின் மதிப்பெண் தொண்ணூற்றொன்பதுக்கு ஏறியது.

வீரராகவன் பரவசமாகிவிட்டார். நாடு முழுக்க ஜனங்கள் நினைத்த நேரத்தில் கோபப்பட்டுக்கொண்டிருக்க, இங்கே ஓர் ஊர் கோபத்தையே ரேஷன் முறையில் விநியோகித்திருக்கிறது! 'சிப்பிமேட்டு மாதிரி' என்று அதற்குப் பேர் வைத்து அறிக்கை அனுப்பினார். பல மாவட்டங்களிலிருந்து அலுவலர்கள் வந்து பார்த்தார்கள். குடத்தை அளந்தார்கள். சீட்டின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டார்கள். அவர்களை ஏற்றி இறக்கவே ஊர்ப்படகுகளுக்குச் சரியாக இருந்தது. "கோபத்தை ஒழிக்க வேண்டாம். முறைப்படுத்தினால் போதும். தலைக்கு வருஷத்தில் இருபத்திரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால், மீதி நாளெல்லாம் நமக்குத்தான்" என்று வீரராகவன் அவர்களுக்குப் பாடம் நடத்தினார்.

பிறகு சகாதேவனைக் கூப்பிட்டு இன்னொரு நற்செய்தியும் சொன்னார். ஆணையத்தின் ஆண்டு விழாவான பொறுமைத் திருநாளை இந்த வருஷம் சிப்பிமேட்டிலேயே கொண்டாடப்போகிறார்கள்.

"எங்க சார்? கோயிலாண்டவா?"

"இடம் போதாது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே அருமையான மணல் மைதானம் ஒன்று இருக்கிறதே, அங்கே."

"சார், அது மைதானம் இல்ல. அதான் முகத்துவாரம். அதத்தான் தொறக்கச் சொல்லி..."

"தெரியும் தெரியும். உங்கள் எட்டு வருஷப் பொறுமையின் நினைவுச்சின்னம் அது. அதை அப்படியே பாதுகாத்துப் 'பொறுமைத் திடல்' என்று அறிவிக்கலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்கள்."

தேதியைக் கேட்டார் சகாதேவன். அமாவாசைக்கு மறுநாள்.

அன்று விடியற்காலையில் தருமன் வலையும் குச்சியும் படகில் ஏற்றிக்கொண்டு போனபோது, அவன் பாடு இடத்தில் நடுவாந்தரமாகப் பந்தல் நின்றிருந்தது. வடகோடியில் மேடை. நடுவே இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி. கடல் அன்று வழக்கத்துக்கு மேல் ஏறியிருந்தது. மணல் வரப்புக்கு அந்தப் பக்கம் அலை முட்டி முட்டித் திரும்பியது. ஒரு கோடு கிழித்துவிட்டால் போதும், மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரிந்தது. இப்படி ஏற்றம் அடுத்த பாட்டுக்கு இருக்குமா என்று சொல்ல முடியாது.

அவன் கரையில் குந்தி யோசித்தான். கோபம் வருகிறதா என்று உள்ளே தேடினான். வரவில்லை. ஆனால் இன்று இந்த இடம் தன் பாடு என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஊரில் பிறந்த யாருக்கும் இருக்காது. தன் பாட்டில் கிடக்கும் எதையும், அது மரக்கட்டையானாலும் மணலானாலும், அகற்றுவது பாடு உள்ளவனின் உரிமை. படகிலிருந்து மண்வெட்டியை எடுத்தான்.

விழா தொடங்கியபோது அவன் பந்தலின் நடுவே முழங்கால் ஆழத்துக்கு வெட்டியிருந்தான். "சார், கொஞ்சம் கால தூக்குங்க" என்று முன்வரிசை அலுவலர்களிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டே போனான். அவர்களும் தூக்கினார்கள். நிகழ்ச்சி நிரலில் இருக்கும் ஏதோ ஒன்று என்று நினைத்தார்கள். கூட்டத்தில் நின்ற பூபதி தலைவரைப் பார்த்தான்.

"தலைவரே, இன்னிக்கி முகத்துவாரம் யார் பாடு?"

"தருமன் பாடு" என்றார் சகாதேவன்.

அதற்குமேல் பேச்சு வேண்டியிருக்கவில்லை. பாடு உள்ளவன் இடத்தைச் சுத்தம் செய்யும்போது கூடமாட நிற்பது ஊர்ப்பழக்கம். அறுபது மண்வெட்டியும் கூடையும் படகுகளிலிருந்து இறங்கின. மாலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கூடையைத் தூக்கினாள்.

மேடையில் வீரராகவன் நெகிழ்ந்துபோனார். "பாருங்கள்! இந்த எளிய மக்கள் நம் விழாவுக்காகத் தாங்களாகவே ஒரு நடனம் தயாரித்திருக்கிறார்கள். மண்ணை வெட்டுகிறார்கள். எதற்கு? தங்கள் பொறுமையின் ஆழத்தைக் காட்டுவதற்கு!" அவர் பேசப் பேசப் பள்ளம் நீண்டது. "அதோ, பள்ளத்தில் தண்ணீர் சுரக்கிறது. பொறுமையின் ஊற்று!"

ஊற்று, மேடையிலிருந்து இறங்கி வந்த அவருடைய ஷூவை நனைத்தது. அடுத்த நிமிஷம் கடல் உள்ளே வந்தது. வெட்டிய கோடு வாய்க்காலாயிற்று, வாய்க்கால் ஓடையாயிற்று, இரண்டு பக்க மணலும் பாளம் பாளமாக இடிந்து விழுந்தது. பந்தலின் நாலு கால் போனது. நாற்காலிகள் வரிசையாக ஏரிக்குள் மிதந்து போயின. அலுவலர்கள் மேடைப்பக்கம் ஓடினார்கள், ஊர்க்காரர்கள் தெற்கே படகுகள் கிடந்த பக்கம் ஓடினார்கள். நடுவே எட்டு வருஷமாக மனுவில் மட்டும் இருந்த முகத்துவாரம் திறந்து கிடந்தது.

தருமனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைக்க நேரமில்லை. குச்சிகளை ஊன்றி, வலையை வளைத்துக் கட்டத் தொடங்கினான்.

"படகு அனுப்புங்க!" என்று எதிர்க்கரையிலிருந்து வீரராகவன் கத்தினார்.

"அனுப்புறேன் சார்!" என்றான் தருமன். "வலைய கட்டிட்டு. தண்ணி ஏறுது சார், இப்ப உட்டா இருபத்திரண்டு நாளு ஆவும்!"

"எவ்வளவு நேரமாகும்?"

"தண்ணி எறங்கட்டும் சார்! நெழல் கீற எடமா பாத்து ஒக்காருங்க!"

நிழல் கொடுத்த பந்தல் ஏரியில் மிதந்துகொண்டிருந்தது. சித்திரை வெயில். முதல் அரைமணி நேரம் அலுவலர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். இரண்டாவது மணியில் வீரராகவன் மேடைப்பக்கம் மிஞ்சியிருந்த நாற்காலிகளில் ஒன்றைத் தூக்கி மேடைக்கம்பத்தில் அடித்தார். அது உடைந்தது. அதில் அவருக்கு ஏதோ சுகம் கிடைத்திருக்க வேண்டும், இன்னொன்றை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். ஒலிபெருக்கி கடலில் விழுந்தது. திட்டிய வார்த்தைகளை இங்கே எழுதமுடியாது. பூபதியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான், அவனுக்குத் தெரியாதது இரண்டு இருந்தது.

ஆர்த்தி தன் கடமையைச் செய்தாள். நிகழ்வு: கொந்தளிப்பு. இடம்: சிப்பிமேட்டு முகத்துவாரம். உடைந்த பொருள்: நாற்காலி முப்பத்தொன்று. பங்கேற்றவர்கள் யார் என்று டேப்லெட் கேட்கவில்லை. ஊரின் மதிப்பெண் பன்னிரண்டுக்கு இறங்கியது.

சாயங்காலம் தண்ணீர் இறங்கியபோது தருமன் வலையைத் தூக்கினான். துள்ளித் துள்ளி விழுந்தது இறால். ஐந்து கூடை நிறைந்து ஆறாவதில் கைவைத்தார்கள். மாலா கூடையிலிருந்து ஒரு பெரிய இறாலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். சந்தோஷம் தாங்காவிட்டால் அவள் அப்படித்தான். அதற்கப்புறம் தருமன் படகை விட்டுக்கொண்டு போய் அலுவலர்களை ஏற்றிவந்தான்.

பத்தாம் நாள் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. சகாதேவன் கரையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். சிப்பிமேட்டுக்குப்பத்தில் பொறுமை தீர்ந்ததாக முறைப்படி பதிவானதால், தூர்வாரும் இயந்திரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கூட்டத்தில் ஆரவாரம் எழுந்தது.

"இருங்கப்பா, இன்னும் கீது" என்றார் சகாதேவன். வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கியது. "தூர்வாரும் பணி, விதிகளின்படி, மூடிய முகத்துவாரத்தில் மட்டுமே மேற்கொள்ளப்படும். தற்போது அனுமதியின்றித் திறக்கப்பட்டிருப்பதால், மேற்படி இயந்திரம் வரும் திங்கட்கிழமை வந்து முகத்துவாரத்தை மணலிட்டு முன்பிருந்த நிலைக்கு மூடும். அதன்பின் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு, உரிய காலத்தில் திறக்கப்படும். இடைப்பட்ட ஆண்டுகளில் பொதுமக்கள் பொறுமை காக்கவும்."

 ஏரி நீர் கடலோடு சேர்ந்து போய்வரும் சத்தம் கேட்டது. சகாதேவன் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.

தருமன் எழுந்தான். அவன் காது மடல் சிவந்திருந்ததை மாலாதான் முதலில் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் பார்த்திராத சிவப்பு அது. அவன் வாயைத் திறந்தான். ஏப்பம் வரவில்லை.

"டேய்!" என்றான். எதிர்க்கரை வரை கேட்டது. "எவன்டா அவன், கஸ்மாலம், என் முகத்துவாரத்த மூடறவன்? வரச்சொல்றா திங்கக்கெழம!"

பூபதி எழுந்தான். அவனுக்குப் பின்னால் மாலா, அவளுக்குப் பின்னால் பெண்கள் எல்லோரும், அப்புறம் அறுபத்துநாலு வீடும். சகாதேவன் கடிதத்தை மணலில் போட்டு மிதித்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகப் படகுகளைத் தள்ளினார்கள். அன்றைக்குக் கோபம் யாருடைய பாடு என்று ஒருவரும் கேட்கவில்லை.